ஆவணமே இல்லாத டேட்டாபேஸில் கீ எது, உறவு எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான். விற்பனை நிறுவனம் ஒன்றின் பழைய டேட்டாபேஸ் கைக்கு வந்திருக்கிறது. ஐம்பது சொச்சம் டேபிள். கட்டியவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை, ஆவணம் கிடையாது, பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் நெடுவரிசை), ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டும் நெடுவரிசை) எதையும் அறிவித்து வைக்கவும் இல்லை. தரவை மட்டும் வைத்துக்கொண்டு எது கீ, எது எதைத் தீர்மானிக்கிறது, எந்த டேபிள் எதோடு சேரும் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். டேட்டா ப்ரொஃபைலிங் என்று இதற்குப் பெயர். நல்ல கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கருவி காட்டுவது, இன்றைக்கு டேபிளில் கிடக்கும் பதிவுகளுக்கு எது பொருந்துகிறது என்பதை மட்டும்தான். அது அந்தத் தொழிலின் விதியா, தற்செயலா என்று அதற்குத் தெரியாது. அதைத் தீர்மானிக்கும் வேலை உங்களுடையது. அந்த வேலைக்கு உதவுபவை, பொருந்திப்போகும் லட்சம் பதிவுகளைவிட, பொருந்தாமல் முறைத்துக்கொண்டு நிற்கும் நாலைந்து பதிவுகள். கீழே சொல்வதெல்லாம் அந்த நாலைந்தைப் பிடிக்கும் வழிதான்.

முதலில் ஒவ்வொரு நெடுவரிசையையும் தனியாகப் பாருங்கள். சலிப்பான வேலை என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். தாண்டினால் பின்னால் வருவதெல்லாம் கோணலாகும். மொத்தம் எத்தனை பதிவு, எத்தனை காலி, தனித்த மதிப்பு எத்தனை, மிகச் சிறியதும் பெரியதும் எவை, அடிக்கடி வரும் மதிப்புகள் எவை என்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டக்-டிபி என்ற இலவச டேட்டாபேஸ் மென்பொருளில் சம்மரைஸ் என்ற ஒற்றைக் கட்டளையே இதில் முக்கால்வாசியைத் தந்துவிடும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் இருந்தால் நீங்கள் கேட்காமலே அது கொஞ்சம் எண்ணி வைத்திருக்கும். பிஜி ஸ்டாட்ஸ் என்ற வியூவை (டேபிள் போலவே படிக்கக்கூடியது) திறந்து பாருங்கள். அங்கே தனித்த மதிப்புகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் −1 என்று இருந்தால், எல்லாப் பதிவிலும் மதிப்பு வேறுவேறு என்று பொருள். அதைப் பார்த்ததும் ‘கீ கிடைத்துவிட்டது’ என்று எழுதி வைத்துவிடாதீர்கள். வழக்கமான அமைப்பில் போஸ்ட்கிரெஸ் 30 ஆயிரம் பதிவுகளை மட்டும் மாதிரிக்கு எடுத்துத்தான் அதைக் கணிக்கிறது. கோடிப் பதிவு உள்ள டேபிளில் அது ஒரு ஊகம், அவ்வளவே.

ஊகமே போதும் என்ற இடங்களும் உண்டு. கோடிக்கணக்கான மதிப்புகளில் தனித்தவை எத்தனை என்று துல்லியமாக எண்ண, பார்த்ததையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஃபிலிப் ஃப்ளாஜோலே குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஹைப்பர்-லாக்-லாக் முறை, நூறு கோடிக்கு மேற்பட்ட தனித்த மதிப்புகளைக்கூட 1.5 கிலோபைட் நினைவகத்தில், சுமார் 2 சதவீதப் பிழையோடு கணித்துவிடும். எந்த நெடுவரிசை கீ ஆக வாய்ப்பே இல்லை என்று கழித்துக்கட்ட இது போதும். கீ என்று உறுதிசெய்ய மட்டும் முழு எண்ணிக்கை வேண்டும்.

அடுத்து வடிவம். எழுத்தையெல்லாம் ‘எ’ என்றும் இலக்கத்தையெல்லாம் ‘9’ என்றும் மாற்றிவிட்டு, எத்தனை வகை வருகிறது என்று எண்ணுங்கள். பான் எண் உள்ள நெடுவரிசையில் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து என்ற ஒரே வடிவம்தான் வர வேண்டும். ஐஎஃப்எஸ்சி என்றால் 11 இடம்; முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தைத் தட்டியவர்கள் இந்தச் சோதனையில் கூண்டோடு மாட்டுவார்கள். நெடுவரிசையின் பெயர் ‘எஃப் 17’ என்று இருந்தாலும் வடிவம் அதன் பொருளைச் சொல்லிவிடும். 15 இடம், தொடக்கத்தில் இரண்டு இலக்கம், அடுத்து பான் வடிவம், பதினான்காவது இடத்தில் பெரும்பாலும் இசட் என்று இருந்தால் அது ஜிஎஸ்டி எண்தான், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அடிக்கடி வரும் மதிப்புகளைப் பார்க்கும்போது கொஞ்சம் ஊர் அறிவும் வேண்டும். கைபேசி எண் பத்தும் 9 என்று ஆயிரம் பேருக்கு இருந்தால் அது கவுண்ட்டரில் உட்கார்ந்தவரின் அவசரம். பிறந்த நாள் ஜனவரி 1 என்று குவிந்திருந்தால் அது பெரும்பாலும் படிவத்தின் முன்தேர்வு. ஆனால் வயதான வாடிக்கையாளர்களின் பிறந்த நாள் மே, ஜூன் மாதங்களில் குவிந்திருந்தால் மென்பொருளைத் திட்டாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதி அது. ஆதார் வரை அதுதான் போகும்.

இனி ஒரு நெடுவரிசை இன்னொன்றைத் தீர்மானிக்கிறதா என்ற கேள்வி. ‘பின்கோடு தெரிந்தால் மாநிலம் தெரியும்’ என்பது போன்றதுதான் சார்பு (ஃபங்ஷனல் டிபென்டன்சி). ஒரே பின்கோடு உள்ள எந்த இரண்டு பதிவை எடுத்தாலும் மாநிலம் ஒன்றாகவே இருக்க வேண்டும், அதுதான் இலக்கணம். டேட்டாபேஸை வடிவமைக்கும் பாடத்தில் விதியை முதலில் எழுதி, தரவைப் பிறகு நிரப்புவார்கள். நமக்குத் தலைகீழ்: தரவு இருக்கிறது, விதியைத் தேட வேண்டும்.

பின்கோட்டையே கையில் எடுத்துப் பார்ப்போம், எல்லாருடைய வாடிக்கையாளர் டேபிளிலும் இருப்பதுதானே. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த முறை இது. முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் மாவட்டத்தையும் கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அலுவலகத்தையும் குறிக்கும். முதல் மூன்று இலக்கமே மாநிலத்தைத் தீர்மானித்துவிடுமா என்று சோதிக்க எட்டுப் பதிவு போதும். ஒன்று, மயிலாப்பூர் 600004, தமிழ்நாடு. இரண்டு, தியாகராய நகர் 600017, தமிழ்நாடு. மூன்று, புதுச்சேரி 605001, புதுச்சேரி. நான்கு, விழுப்புரம் 605602, தமிழ்நாடு. ஐந்து, மயிலாடுதுறை 609001, தமிழ்நாடு. ஆறு, காரைக்கால் 609602, புதுச்சேரி. ஏழு, கோழிக்கோடு 673001, கேரளம். எட்டு, மாஹே 673310, புதுச்சேரி.

முதல் மூன்று இலக்கத்தை வைத்துப் பதிவுகளைக் கூட்டம் பிரியுங்கள். ஒன்றும் இரண்டும் ஒரு கூட்டம், மூன்றும் நான்கும் ஒன்று, ஐந்தும் ஆறும் ஒன்று, ஏழும் எட்டும் ஒன்று, ஆக நான்கு. இப்போது மாநிலத்தையும் சேர்த்துப் பிரித்தால் முதல் கூட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது, மற்ற மூன்றும் உடைகின்றன, ஆக ஏழு. நான்கும் ஏழும் சமம் இல்லை, எனவே சார்பு இல்லை. இரண்டு எண்ணிக்கையும் சமமாக இருந்திருந்தால் சார்பு உண்டு. இந்த எளிய கணக்குதான் 1999-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘டேன்’ அல்காரிதத்தின் உயிர்நாடி. தனியாக நிற்கும் பதிவை அது கணக்கிலிருந்தே தூக்கிவிடும். ஜோடி இல்லாத பதிவால் எந்தச் சார்பையும் மீற முடியாது.

‘இல்லை’ என்ற விடையோடு நிறுத்தினால் பாதிதான் கிடைத்தது. உடைந்த மூன்று கூட்டத்தையும் பாருங்கள்: மூன்றிலும் புதுச்சேரி. ஆந்திரத்தின் 533 வரிசைக்குள் இருக்கும் ஏனாமும் (533464) இதே கதைதான். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன துண்டு துண்டான நிலம் ஒரே யூனியன் பிரதேசமானது. தபால் மூட்டையோ பக்கத்து ஊர் வழியாகத்தான் போகிறது. கொச்சியின் 682-க்குள் லட்சத்தீவின் கவரத்தி (682555) உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான். ஆக, பின்கோடு தபால் பாதையைக் குறிக்கிறது, அரசியல் எல்லையை இல்லை என்ற உண்மையை ஒரு கைப்பிடி விதிமீறல்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. இவற்றைப் ‘பிழை’ என்று திருத்தப் போகிறவர் காரைக்கால்காரரைத் தமிழ்நாட்டில் சேர்த்து, அவர் பில்லில் தப்பான வரியைப் போட வைப்பார்.

இப்படி அநேகமாகப் பொருந்தி, சில பதிவுகளில் மட்டும் உடைவதைத் தோராயச் சார்பு என்கிறார்கள். அளவு எளிது: எத்தனை பதிவை நீக்கினால் மீதி ஒழுங்காகும்? மேலே எட்டில் மூன்று. நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் உள்ள பட்டியலில் அந்த விகிதம் சொற்பமாகிவிடும். இன்னொரு வழி, நிபந்தனையோடு எழுதுவது: ‘முதல் மூன்று இலக்கம் 600 என்றால் தமிழ்நாடு, 605, 609 என்றால் ஊரையும் பார்’. நிபந்தனைச் சார்பு என்ற இந்தக் கருத்து 2007 வாக்கில் தரவுத் தூய்மைக்காகவே உருவானது. நடைமுறையில் எனக்கு மிகவும் பயன்படுவது இதுதான். தொழில் விதிகள் பெரும்பாலும் ‘இந்த வகைக்கு மட்டும்’ என்ற நிபந்தனையோடுதான் இருக்கும்.

விதிமீறலுக்குக் காலமும் காரணமாகும். ‘பின்கோடு தெரிந்தால் மாவட்டம் தெரியும்’ என்று உங்கள் டேபிளில் சோதித்தால் 609001-க்கு நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று இரண்டு விடை வரக்கூடும். 2020 டிசம்பரில்தான் மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி எல்லாம் 2019-இன் கணக்கு. பதிவு உருவான தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விதிமீறல் ஒழுங்காகிவிடும்.

எட்டுப் பதிவை விரல்விட்டு எண்ணலாம். முழு டேபிளில்தான் வினை. 20 நெடுவரிசை இருந்தால் அவற்றைச் சேர்க்கும் வழிகள் 10,48,575. ஒவ்வொரு சேர்க்கையும் மீதமுள்ள ஒவ்வொன்றையும் தீர்மானிக்கிறதா என்று கேட்டால் கேள்விகள் ஒரு கோடியைத் தாண்டும். ஒரு நெடுவரிசை கூடினாலே இது இரு மடங்குக்கு மேல் ஆகும். எனவே கருவிகள் எல்லாவற்றையும் சோதிப்பதில்லை. மாநிலத்தைத் தீர்மானிக்கப் பின்கோடு ஒன்றே போதும் என்று தெரிந்துவிட்டால் பின்கோடும் பெயரும், பின்கோடும் தொலைபேசியும் என்று போகும் சேர்க்கைகளைத் தொட வேண்டியதே இல்லை. மிகச் சிறிய சேர்க்கைகளை மட்டும் கீழிருந்து மேலாகத் தேடி, தேவையற்ற கிளைகளை வெட்டிக்கொண்டே போவார்கள். டேன் அப்படித்தான் போகிறது. பதிவு எத்தனை லட்சம் இருந்தாலும் சமாளிக்கும், நெடுவரிசை கூடினால் திணறும்.

எதிர்த்திசையிலும் வரலாம். ஒரு சார்பு இல்லை என்று காட்ட இரண்டே பதிவு போதும். மாவட்டம் மாநிலத்தைத் தீர்மானிக்கும் என்றுதானே நினைப்போம்? இமாச்சலத்தில் ஒரு ஹமீர்பூர், உத்தரப் பிரதேசத்தில் ஒரு ஹமீர்பூர். தீர்ந்தது. பிலாஸ்பூரும் இரண்டு மாநிலங்களில் உண்டு. ஆனால் எல்லாப் பதிவையும் ஜோடி ஜோடியாக ஒப்பிடுவது ஆகாத காரியம். லட்சம் பதிவுக்கு ஏறத்தாழ 500 கோடி ஜோடி. கண்ணை மூடிக்கொண்டு சில ஜோடிகளை எடுத்தாலும் பயன் குறைவு, எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு பதிவுகள் எதையும் பொய்யாக்காது. ஜெர்மனியின் போட்ஸ்டாமில் உள்ள ஹாஸோ பிளாட்னர் நிறுவனத்தைச் சேர்ந்த தோர்ஸ்டன் பாப்பன்ப்ரோக்கும் ஃபெலிக்ஸ் நௌமனும் 2016-இல் வெளியிட்ட ‘ஹை-எஃப்டி’ இங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. ஏதாவது ஒன்றில் ஏற்கெனவே ஒத்துப்போகும் பதிவுகளை அடுத்தடுத்து வைத்து, பக்கத்துப் பக்கத்தை மட்டும் ஒப்பிடும். அதில் பொய்யானவை கும்பலாக விழும். மிஞ்சியவற்றை முழுத் தரவில் சரிபார்க்கும். சரிபார்ப்பில் தோல்விகள் அதிகமாக வர ஆரம்பித்தால், மறுபடி ஒப்பீட்டுக்குத் திரும்பும். முழுமையான விடை வேண்டும் என்றால் நான் முதலில் ஓட்டுவது இதைத்தான்.

ஆனால் முழுமையான விடை எப்படி இருக்கும் தெரியுமா? இயந்திரக் கற்றல் படிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஐரிஸ் பூக்கள் தரவு 150 பதிவு, 5 நெடுவரிசை. அதில் கிடைப்பது 4 சார்பு. கல்லீரல் அழற்சி நோயாளிகள் பற்றிய இன்னொரு பிரபலமான தரவு 155 பதிவு, 20 நெடுவரிசை. அதில் கிடைப்பது 8,250. நோயாளியைப் பற்றி எட்டாயிரம் மருத்துவ விதி இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. பதிவு குறைவு, நெடுவரிசை அதிகம் என்றால், மூன்று நான்கு நெடுவரிசையைச் சேர்த்ததுமே ஒவ்வொரு பதிவும் தனியாகிவிடுகிறது. தனியான பிறகு அது எதை வேண்டுமானாலும் ‘தீர்மானிக்கும்’. நானாக இருந்தால் இடது பக்கம், அதாவது தீர்மானிக்கும் பக்கம், மூன்று நெடுவரிசைக்கு மேல் போகும் சார்புகளை முதல் சுற்றில் பார்க்கவே மாட்டேன். இடது பக்கச் சேர்க்கை பல பதிவுகளில் திரும்பத் திரும்ப வந்தும் வலது பக்கம் மாறவில்லை என்றால்தான் அதற்கு மரியாதை. ஒருமுறை மட்டும் வந்த மதிப்புகளால் நிற்கும் சார்புக்குச் சாட்சியே இல்லை.

தென்மாநில வாடிக்கையாளர் மட்டும் உள்ள டேபிளில் மாவட்டம் மாநிலத்தைத் தீர்மானிக்கும் சார்பு பலமான சாட்சிகளோடு நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள். நிறுவனம் வடக்கே கிளை திறக்கும் நாளில் அது உடையும்.

கீ தேடுவதும் இதே தேடல்தான், இன்னும் எளிது: எந்தச் சேர்க்கையில் இரண்டு பதிவு ஒன்றாக வருவதில்லை? ஐபிஎம் ஆய்வாளர்களின் கோர்டியன் (2006) தொடங்கி இதற்கும் தனி அல்காரிதங்கள் உண்டு. உங்கள் கேள்வியில் விற்பனை என்று இருப்பதால் ஒரே எச்சரிக்கை, பில் எண்ணைப் பற்றி. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் தனித்து இருந்தால் போதும், 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஏப்ரல் 1 அன்று பலரும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். ஓராண்டுத் தரவை மட்டும் வைத்து ஓட்டினால் பில் எண் கச்சிதமான கீ போலத் தெரியும். இரண்டாம் ஆண்டைச் சேர்த்ததும் நிதியாண்டும் பில் எண்ணும் சேர்ந்துதான் கீ என்பது வெளிவரும், கிளைகள் தனித்தனி வரிசை வைத்திருந்தால் கிளைக் குறியீடும் கூட வரும். எனவே மாதிரி எடுக்கும்போது ஏப்ரலைத் தாண்டி எடுங்கள்.

காலிக் கட்டங்களை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். இரண்டு காலி ஒன்றுக்கொன்று சமம் என்று கொண்டால் ஒரு விடை, சமம் இல்லை என்று கொண்டால் வேறு விடை. பாதி காலியாகக் கிடக்கும் மின்னஞ்சல் நெடுவரிசை இரண்டாவது வகையில் ‘கீ’ ஆகிவிடும். கருவியில் இதற்கு ஒரு தேர்வு இருக்கும், அது எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

கடைசியாக டேபிள்களுக்கு இடையே உள்ள உறவு. பில் டேபிளின் வாடிக்கையாளர் எண்கள் எல்லாமே வாடிக்கையாளர் டேபிளின் எண்களுக்குள் அடங்கினால் அங்கே ஃபாரின் கீ இருக்க வாய்ப்புண்டு. மொத்தம் 500 நெடுவரிசை என்றால் சோதிக்க வேண்டிய ஜோடிகள் 2,49,500. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாயின் (இரண்டு டேபிளைச் சேர்த்துப் பார்க்கும் கட்டளை) போட்டால் விடியாது. ‘ஸ்பைடர்’ என்ற முறை ஒவ்வொரு நெடுவரிசையின் தனித்த மதிப்புகளையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சிறியதிலிருந்து பெரியதாகப் படித்துக்கொண்டே போகும். ஒரு மதிப்பு இங்கே இருந்து அங்கே இல்லை என்றால் அந்த ஜோடி அதோடு கழிந்தது. நினைவகத்துக்குள் அடங்காத அளவு என்றால் தரவைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதிக்கும் ‘பைண்டர்’ (2015) இருக்கிறது.

இங்கே போலிகள் மலிந்து கிடக்கும். 1 முதல் 40 வரை ஓடும் கிளை எண், 1 முதல் 9,000 வரை ஓடும் எந்த எண்ணுக்குள்ளும் அடங்கிவிடும். ஊழியர் எண், பொருள் எண், பில் எண் எல்லாமே அதற்கு ‘உறவு’ ஆகும். கழிக்க வழி உண்டு. வலது பக்கம், அதாவது அடக்கிக்கொள்ளும் நெடுவரிசை, தன் டேபிளின் கீயாக இருக்க வேண்டும். பெயர்கள் ஓரளவு ஒத்துப்போக வேண்டும். இடது பக்க மதிப்புகள் வலது பக்கத்தின் முழு வீச்சிலும் பரவியிருக்க வேண்டும். 9,000 பொருளில் முதல் 40 மட்டுமே விற்றது என்றால் யார் நம்புவார்கள்? மாறாக, உண்மையான உறவு நூற்றுக்கு நூறு அடங்காமலும் போகலாம். வாடிக்கையாளரை நீக்கிவிட்டு பில்லை விட்டு வைத்திருப்பார்கள். அல்லது எண்கள் எக்செல் வழியாக வந்திருக்கும்: முன்னால் இருந்த பூஜ்யம் போயிருக்கும், 15 இலக்கத்துக்கு மேற்பட்ட கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகியிருக்கும். 97 சதவீதம் அடங்கும் ஜோடிகளையும் பட்டியலிடச் சொல்லி, அடங்காத 3 சதவீதத்தைக் கண்ணால் பாருங்கள்.

கருவி என்று கேட்டால்: மேலே சொன்ன போட்ஸ்டாம் குழுவின் மெட்டநோமில் இந்த அல்காரிதங்கள் பலவும் ஒரே இடத்தில் கிடைக்கும், ஜாவா வேண்டும். பைத்தான் பழகியவர் என்றால் டெஸ்போர்டாண்டே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சி++ என்பதால் வேகம், ஒரு சார்பைக் கொடுத்து அதை மீறும் பதிவுகளை மட்டும் காட்டச் சொல்லவும் அதில் வசதி உண்டு, நமக்கு வேண்டியது அதுதானே. ஒய்டேட்டா ப்ரொஃபைலிங் அழகான அறிக்கை தரும், மேலதிகாரிக்குக் காட்ட நன்றாக இருக்கும். ஆனால் அது தரும் ஒட்டுறவு எண்களை (இரண்டு நெடுவரிசை எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு) சார்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாடிக்கையாளர் தரவை இணையத்தில் ஏதோ ஒரு தளத்தில் ஏற்றிப் பார்க்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள்.

ஐம்பது டேபிளையும் ஒரே நாளில் ஓட்டாமல், அதிகப் பதிவுகள் உள்ள நான்கைந்தில் தொடங்குங்கள். கிடைக்கும் ஒவ்வொரு கீக்கும் சார்புக்கும் பக்கத்தில், எந்தத் தேதியின் தரவில் சோதித்தது, எத்தனை பதிவு மீறியது, மீறியவற்றில் ஐந்து எவை என்று எழுதி வையுங்கள். பிறகு அந்த ஐந்தை எடுத்துக்கொண்டு பில் போடும் பிரிவில் பழைய ஆள் யாராவது இருந்தால் அவரிடம் போங்கள். ‘இங்கே ஃபங்ஷனல் டிபென்டன்சி உடைகிறது’ என்றால் அவருக்குப் புரியாது. ‘இந்தக் காரைக்கால் பார்ட்டிக்கு மட்டும் ஏன் இரண்டு கோடு இருக்கிறது?’ என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்.